காற்றைத் தாங்கும் சுவரும் நீருக்கு வேண்டிய வழியும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்காள விரிகுடாவில் உருவாகும் புயல்கள் கடற்கரையூர்களுக்கு மட்டுமே உரிய உபாதை என்று கருதும் வழக்கம் உள்நாட்டு மக்களிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. கடலிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் உள்ளே, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று மலைகளின் அரவணைப்பில் அமைந்த செஞ்சியிலும் அந்த எண்ணத்துக்குக் குறைவில்லை. அதற்குத் துணையாக இப்போது இன்னொரு நம்பிக்கையும் வளர்ந்திருக்கிறது. ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் இருந்த இடத்தில் மாடிமேல் மாடியாகக் கான்கிரீட் கட்டடங்கள் எழுந்துவிட்டன. பிழைப்புக்காகச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் சென்ற இவ்வூர் மக்களோ அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். கூரை பறந்துபோகாத வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்துவிட்டால் எத்தகைய புயலும் விடிவதற்குள் கடந்துவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மற்றப் பாதி, 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு, செஞ்சி அடங்கிய விழுப்புரம் மாவட்டம் முழுவதற்கும் பொய்யென்று உணர்த்தப்பட்டது.

அன்றிரவு 10.30 மணிக்கும் 11.30 மணிக்கும் இடையே புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 90 கிலோமீட்டர் வேகத்திலும் வீசியது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டின்படி மணிக்கு 62 முதல் 88 கிலோமீட்டர் வரை காற்று நீடித்து வீசினால் அது வெறும் 'புயல்'. அதற்கு மேல் 117 வரை 'தீவிரப் புயல்'. அதையும் கடந்தால் 'மிகத் தீவிரப் புயல்'. ஆகவே ஃபெஞ்சல் இவ்வரிசையின் முதற்படியிலேயே நின்ற ஒன்று. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே மணிக்கு 140 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் கரையேறி, முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்த தானே புயலோடு ஒப்பிட்டால் இதன் காற்று மிகவும் சாதுவானது. ஆயினும் மறுநாட் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேலும், செஞ்சிக்குத் தென்கிழக்கே 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டரும் மழை பெய்தது. செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி ஆறு கரைபுரண்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2 அன்று தென்னகத்து ரயில்கள் நின்றன.

இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்வதே புயலை வீட்டுக்குள்ளிருந்து எதிர்கொள்வதற்கு முதற்பாடம். புயலுக்கு நாம் சூட்டும் தரம் காற்றின் வேகத்தை மட்டுமே குறிப்பது; அது கொண்டுவரப்போகும் நீரின் அளவைப் பற்றி அந்தத் தரம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

மழையின் அளவு புயலின் ஆவேசத்தைப் பொறுத்ததன்று. அது ஓரிடத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதையே பெரும்பாலும் பொறுத்தது. ஏறக்குறைய 26.5 பாகை செல்சியசுக்கு மேல் உஷ்ணமடைந்த சமுத்திர நீர் ஆவியாகி மேலெழுந்து, உயரத்தில் குளிர்ந்து மேகமாகவும் மழையாகவும் மாறும்போது, ஆவியாவதற்காக அது முன்பு உட்கொண்ட வெப்பத்தையெல்லாம் திரும்ப வெளிவிடுகிறது. ஒரு கிலோ நீராவி இவ்வாறு வெளியிடும் வெப்பம், சாதாரணக் குழாய்த் தண்ணீர் 8 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அந்த வெப்பத்தால் இலேசான காற்று மேலும் உயர, கீழே அழுத்தம் குறைய, சுற்றுப்புறத்துக் காற்று உள்ளே விரைய, பூமியின் சுழற்சி அதை இடப்புறமாகச் சுழற்றிவிட, புயல் என்னும் யந்திரம் உருவாகிறது. இந்த யந்திரம் தானாக எங்கும் பயணம் செய்வதில்லை; வாயுமண்டலத்தின் மேலடுக்குகளில் ஓடும் காற்றோட்டங்களே அதை நகர்த்துகின்றன. எதிரெதிர்த் திசைகளிலிருந்து வரும் ஓட்டங்கள் சமமாக நின்றுவிட்டால் புயலும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். ஃபெஞ்சலுக்கு நேர்ந்தது அதுதான். கரையைக் கடந்தபின் அது புதுச்சேரிக்கு அருகிலேயே பல மணி நேரம் ஏறக்குறைய அசையாமல் நின்று, கடலிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்து ஒரே நிலப்பரப்பின்மேல் கொட்டியது. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 50 சென்டிமீட்டர் மழை என்பது 50 கோடி லிட்டர் தண்ணீர் என்பதை நினைத்தால், எந்த வடிகாலும் அதைத் தாங்காமற்போனதில் வியப்பில்லை.

இனி, வீட்டுக்குள் வருவோம். காற்று ஒரு சுவரின்மேல் செலுத்தும் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 38 கிலோ எடையளவுக்கு அழுத்துமானால், தானே புயலின் 140 கிலோமீட்டர் வேகக் காற்று 90 கிலோவுக்கு மேல் அழுத்தும். தரையருகே மரங்களும் வீடுகளும் காற்றைத் தேய்த்துத் தடுப்பதால் அங்கே வேகம் குறைவு. உயரப் போகப்போகத் தடையும் குறையும், வேகமும் கூடும். மூன்றாம் மாடியைவிடப் பத்தாம் மாடியில் காற்று ஐந்தில் ஒரு பங்கு விரைவாக வீசினாலே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். இதனாலேயே, கீழ்வீட்டார் அயர்ந்து உறங்கும் அதே நேரத்தில், மேல்மாடியில் இருப்போர் கதவுகளின் அதிர்ச்சியையும் இடுக்குகளில் எழும் ஊளையையும் கேட்டு நடுங்க நேரிடுகிறது. ஆனால் முறைப்படி கட்டப்பட்ட கான்கிரீட் சட்டகம் இதற்கெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இந்தியக் கட்டுமான நியமங்கள் விதித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். ஃபெஞ்சலின் உச்ச வேகம் அதில் பாதி; அதன் அழுத்தமோ கால் பங்கு. உயர்ந்த கட்டடம் பலத்த காற்றில் மிகச் சிறிதளவு அசைவதும் அதன் இயல்பே. அது பலவீனத்தின் அறிகுறியன்று.

கட்டடத்தில் பலவீனமான பாகம் சுவரன்று. திறப்புகளும், மேலே தளர்வாக நிற்கும் பொருள்களுமே. காற்று மோதும் பக்கத்தில் அழுத்தம் உண்டாகும்போதே, எதிர்ப்பக்கத்துச் சுவரிலும் மொட்டை மாடியிலும் உறிஞ்சும் இழுப்பு உண்டாகிறது. மாடியில் போட்ட தகரக் கொட்டகை காற்றால் தள்ளப்பட்டு விழுவதைவிட, இவ்விழுப்பால் மேல்நோக்கிப் பிடுங்கப்பட்டுப் பறப்பதே அதிகம். புயலின்போது உள்ளும் புறமும் அழுத்தம் சமமாக இருக்கவேண்டுமென்று சன்னலைச் சற்றுத் திறந்துவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது தவறான யோசனை. புயலின் மையம் நெருங்கும்போது வாயுவின் அழுத்தம் பல மணி நேரம் மெல்ல மெல்லக் குறைவதால், வீட்டின் சாதாரண இடுக்குகளே அதைச் சமன் செய்துவிடுகின்றன. காற்றெதிர்ப் பக்கத்தில் திறந்த சன்னலோ, காற்றை உள்ளே புகவிட்டு அறையை ஊதச் செய்து, எதிர்ப்பக்கத்துக் கண்ணாடிகளையும் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா ஒட்டுவதும் பயன் தராது. கண்ணாடியின் வலிமையை அது கூட்டுவதில்லை, உடைந்தால் பெரிய சில்லுகளாக விழச் செய்வதுதான் மிச்சம். சன்னல்களை இறுகச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, படுக்கையை அவற்றினின்று விலக்கி, வீட்டின் நடுப்பகுதியில் இருப்பதே சரியான காரியம்.

சாத்திய சன்னலும் நீரை முற்றிலும் தடுத்துவிடுவதில்லை. இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள அலுமினிய நகரும் சன்னலின் அடிச்சட்டத்தைக் கூர்ந்து பார்த்தால், கண்ணாடிக் கதவுகள் ஓடும் தடங்களுக்கு நடுவே ஒரு சிறு கால்வாயும், அதில் சேரும் மழைநீர் வெளியேறுவதற்காக வெளிப்பக்கத்தில் சில நுண்துளைகளும் இருப்பது தெரியும். சாதாரண மழையில் நீர் அத்துளைகள் வழியே வடிந்துவிடும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிரே நின்று அழுத்தும்போதோ, அவ்வழுத்தம் நாலு சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கி நிறுத்தப் போதுமானதாகிவிடுகிறது. அடிச்சட்டத்தின் உட்தடம் அந்த உயரத்தைவிடத் தாழ்ந்திருந்தால், வடியவேண்டிய நீர் வடியாமல் மேலேறி, அதைத் தாண்டி வீட்டுக்குள் வழிகிறது. நள்ளிரவில் சன்னலடியில் குளம் கட்டுவது கண்டு சுவர் வெடித்துவிட்டதோ என்று அஞ்சுவோர், இது காற்றழுத்தத்தின் எளிய விளைவு என்பதை அறிந்தால் அமைதியடைவர். மடித்த பழந்துணிகளைத் தடத்தில் நெருக்கிவைத்து, கீழேயுள்ள மின்செருகிகளை விலக்கிவிடுவது போதும்.

இந்த நீர் எந்தச் சன்னல் வழியே வரும் என்பதையும் முன்னரே கணிக்கலாம். நம் வட அரைக்கோளத்தில் புயற்காற்று மையத்தைச் சுற்றி இடப்புறமாகச் சுழல்வதால், கிழக்கிலிருந்து வரும் புயல் ஓர் ஊருக்குத் தெற்கே கரை கடக்குமானால், அவ்வூரில் காற்று முதலில் வடக்கிலிருந்தும், பிறகு கிழக்கிலிருந்தும், இறுதியில் தெற்கிலிருந்தும் வீசும். புதுச்சேரியருகே கடந்த புயலுக்குச் செஞ்சியின் நிலை இதுவே. ஆகவே வடக்குப் பக்கத்து அறை நனைந்து முடிந்ததைக் கண்டு புயல் ஓய்ந்ததென்று எண்ணித் தெற்குச் சன்னல்களைத் திறந்துவிடலாகாது. தீவிரமான புயலின் மையமே ஊரின் மேலாகக் கடந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பேரிரைச்சல் சட்டென்று அடங்கும், மழை நிற்கும், சில வேளை நட்சத்திரங்கூடத் தெரியும். அது புயலின் கண். அதன் மறுகரை வந்து சேர்ந்ததும் காற்று நேர் எதிர்த்திசையிலிருந்து அதே மூர்க்கத்துடன் திரும்ப வீசும். அந்த இடைவேளையில் வாகனத்தைப் பார்த்துவரவும், விழுந்த கிளையை அகற்றவும் வெளியே சென்றவர்கள் ஆபத்துக்குள்ளாவது எல்லா நாடுகளிலும் நடந்திருக்கிறது. வானிலை நிலையத்தின் அறிவிப்பு வரும்வரை கதவைத் திறக்கலாகாது.

அனைத்திலும் மேலான கவனத்துக்குரிய இடம் மொட்டை மாடி. ஆயிரம் சதுர அடி மாடியில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழும் நீர் 46,000 லிட்டருக்கு மேல். தண்ணீர் லாரிக் கணக்கில் ஏறக்குறைய நான்கு லாரி. அது முழுவதும் இரண்டு அல்லது மூன்று வடிகுழாய்களின் வாய் வழியாகவே இறங்கியாக வேண்டும். உதிர்ந்த இலைகளும் ஒரு பிளாஸ்டிக் பையும் சேர்ந்து அந்த வாயை அடைத்துவிட்டால், கைப்பிடிச் சுவர் நாற்புறமும் அணைகட்டி நிற்க, மாடி ஏரியாகிறது. ஒரு முழத்துக்கும் குறைவாக, 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினாலே ஒவ்வொரு சதுர மீட்டரின்மேலும் 300 கிலோ பாரம் ஏறுகிறது. நடமாடும் மொட்டை மாடிகள் பொதுவாகத் தம் எடைக்கு மேல் தாங்குமாறு கணக்கிடப்படும் பாரமோ 150 கிலோதான். 180 கிலோமீட்டர் காற்றுக்கு அசையாத கட்டடம், அடைபட்ட ஒரு குழாயினால் தன் அளவுக்கு இருமடங்கு பாரத்தைச் சுமக்க நேரிடுகிறது. அதே மாடியில் நிற்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் கதையோ இதற்கு மாறானது. ஆயிரம் லிட்டர்த் தொட்டி காலியாக இருந்தால் அதைக் காற்று உருட்டிச் செல்லும். நிரம்பியிருந்தால் அது ஒரு டன் எடையுடன் இருந்த இடத்திலேயே உட்காரும், மின்சாரம் இல்லாத நாட்களில் வீட்டுக்குத் தண்ணீரும் தரும்.

மின்சாரம் போகும் என்பதை நிச்சயமாகக் கொள்ளவேண்டும். விபத்தைத் தவிர்க்க மின்வாரியமே முன்கூட்டி நிறுத்துவதும் உண்டு. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துக் காற்றின் பாடத்தைக் கற்பித்தது. 2023 டிசம்பரில் சென்னைக் கரைக்குள் நுழையாமலே அருகில் ஊர்ந்து சென்ற மிக்ஜாம் புயல் நீரின் பாடத்தைக் கற்பித்தது. அப்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளின் அடுக்குமாடிகளில் மேல்தளத்தார் ஒரு துளியும் நனையாமல், ஆயினும் குடிநீரும் விளக்கும் தொலைபேசியும் இன்றித் தவித்தார்கள். மேல்தளத்துக்கு உயிர்நாடிகளான லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மின்பெட்டி, ஜெனரேட்டர் ஆகிய யாவும் கீழ்த்தளத்தில் இருப்பதே இதன் காரணம். லிஃப்ட் கூண்டைக் கீழே விடாமல் மேல்தளம் ஒன்றில் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். வெள்ளம் முதலில் புகுவது லிஃப்ட் குழியில்தான். நிலத்தடித் தொட்டியில் வெள்ளம் கலந்தால் அதோடு சாக்கடையும் கலந்திருக்கும். அந்த நீரை வெளியேற்றி, தொட்டியைக் கழுவித் தூய்மை செய்தபின்னன்றி நீரை மேலே ஏற்றலாகாது. ஜெனரேட்டரை மூடிய இடத்திலோ மாடிப்படியருகிலோ ஓட்டினால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும்.

செஞ்சியின் சரித்திரம் இவ்விஷயத்தில் நமக்குக் கூறுவது ஒன்றுண்டு. 1677-இல் மராட்டிய மன்னர் சிவாஜி இங்குள்ள மலைக்கோட்டையைக் கைப்பற்றி வலுப்படுத்தினார். அவருடைய மகன் ராஜாராம் இதற்குள் அடைக்கலம் புகுந்தபோது, முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீடித்தது. அத்தனை ஆண்டுகள் கோட்டை தாக்குப்பிடித்ததற்கு மதில்களும் செங்குத்தான பாறைகளும் மட்டும் காரணமல்ல. மலைமேல் விழும் மழையைத் தேக்கிய சுனைகளும், அடிவாரத்து ஆனைக்குளமும், வளைவுக்கூரை அமைந்த நெற்களஞ்சியங்களும் உள்ளே இருந்தன. பல நிலைகளாக உயர்ந்து நிற்கும் கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்கள் வழியே நீர் சென்றது. அம்மகாலின் நாற்புறத்து வளைவுத் திறப்புகள் காற்றைத் தடுக்காமல் ஊடுருவிச் செல்ல விடுகின்றன; எத்தனையோ கார்த்திகைப் புயல்கள் அதைத் தீண்டிச் சென்றும் அது நிலைத்திருக்கிறது. சுவர் எழுப்பியவர்கள் நீருக்கு வழியும் வகுத்தார்கள். எது உள்ளே வரவேண்டும், எது வடிந்து போகவேண்டும் என்று முன்னதாகவே தீர்மானித்தார்கள். இன்றைய மாடிவீட்டில் நாம் சுவரை மட்டும் விலைக்கு வாங்கிக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டோம்.

வீட்டிலேயே இருப்பது எல்லோருக்கும் எப்போதும் உகந்ததென்றும் சொல்லிவிட முடியாது. ஆற்றங்கரையிலும், ஏரியின் உட்பரப்பில் எழுந்த மனைகளிலும், ஓட்டு வீட்டிலும், தரைத்தளத்திலும் இருப்போர் பகலிலேயே நிவாரண முகாமுக்கோ உறுதியான உறவினர் வீட்டுக்கோ சென்றுவிட வேண்டும். மலையடிவாரத்தில் வாழ்வோருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஃபெஞ்சல் கரை கடந்த மறுநாள் மாலை, செஞ்சிக்கு மேற்கே 40 கிலோமீட்டரில் உள்ள திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஊறிப்போய், மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் வீடுகளின்மேல் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேரின் உயிரைப் பறித்தன. காற்று அடங்கிவிட்ட நேரத்தில் நிகழ்ந்த துயரம் அது. பாறை இடுக்குகளிலுள்ள மண் நீரை உறிஞ்சிக் கனத்து, தன் பிடிப்பை இழப்பதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆகையால் புயல் போனபின்னும் அபாயம் மலையில் எஞ்சியிருக்கிறது. அத்தகைய குண்டுப்பாறைகள் அடுக்கடுக்காக நிற்கும் செஞ்சியில் இந்தப் பாடத்தை அலட்சியம் செய்ய நமக்கு உரிமையில்லை.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி முடிவதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் குடியிருப்பார் அனைவரும் ஒன்றுசேர்ந்து மொட்டை மாடிக்கு ஏறுங்கள். வடிகுழாய்களின் வாயைத் துப்புரவு செய்து, ஒரு குடம் நீரை ஊற்றி, அது கீழே வந்து சேருகிறதா என்று பாருங்கள். தளர்ந்த தகரங்களையும் பூந்தொட்டிகளையும் இறக்குங்கள். புயல் அறிவிப்பு வந்ததும் மேல்தொட்டியை நிரப்புங்கள். குடிநீர், மருந்து, மின்விளக்கு, நாலு நாளைக்குச் சமைக்காமல் உண்ணத்தக்க உணவு ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். தனித்திருக்கும் முதியோரின் கதவைத் தட்டி விசாரியுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணைக் கதவின் உட்புறத்தில் எழுதிவையுங்கள். காற்றைத் தாங்குவதற்கு வேண்டியதைப் பொறியாளர் செய்து முடித்துவிட்டார். நீருக்கு வழிசெய்ய வேண்டிய கடமை நம்முடையது.